பழ ஈ குளிருக்குப் பழகினால் அது பரிணாமமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே கூட்டத்துப் பழ ஈக்கள் இட்ட முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 25 டிகிரி செல்சியஸிலும் இன்னொரு பாதியை 18 டிகிரியிலும் வளர்த்திருக்கிறீர்கள். வளர்ந்த ஈக்களைக் குழாயோடு பனிக்கட்டிக்குள் சில மணி நேரம் வைத்து மயங்கவிட்டு, வெளியே எடுத்து, எது எத்தனை நிமிடத்தில் எழுந்து நிற்கிறது என்று குறித்திருக்கிறீர்கள். 18 டிகிரியில் வளர்ந்தவை தெளிவாக முந்திக்கொண்டன. "இவை குளிருக்குத் தகவமைந்துவிட்டன, பரிணாமம் நடந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதலாமா? அப்படியென்றால் உலகம் சூடாகும்போதும் பூச்சிகள் இதே மாதிரி சமாளித்துவிடும்தானே?" என்று கேட்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: மாறியது அந்த ஈயின் உடலா, அந்தக் கூட்டத்தின் மரபணுக்களா?

பரிணாமம் என்று எழுத வேண்டாம். நீங்கள் பார்த்தது உடல் வளைந்துகொடுத்தது. தமிழில் "தகவமைப்பு" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்திவிடுகிறோம், பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதனால் இந்தப் பதில் முழுக்க, ஒரு தனிப்பூச்சி தன் வாழ்நாளுக்குள் மாறிக்கொள்வதை நெகிழ்வு என்றும், தலைமுறைகள் போகப் போக ஒரு கூட்டத்தில் எந்த மரபணு வடிவம் எவ்வளவு இருக்கிறது என்பது மாறுவதைப் பரிணாமம் என்றும் சொல்கிறேன். நான் பல வருடம் பூச்சி உடலியங்கியல் ஆய்வகத்தில் இதே வேலையை, அதாவது ஈக்களைக் குளிரவைப்பதும் சூடாக்குவதும் நிமிடம் எண்ணுவதுமாகச் செய்தவன். பெரும்பாலும் ஈக்கள்தான். எறும்பு, கொசு, வண்டு பற்றி இங்கே சொல்வதெல்லாம் மற்றவர்கள் செய்த ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது.

நெகிழ்வு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1987ல் லீ, சென், டென்லிங்கர் மூவரும் இறைச்சி ஈயை வைத்துச் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் ஈயை நேராக மைனஸ் 10 டிகிரிக்குக் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் வைத்தால் செத்துவிடுகிறது. அதற்கு முன்னால் அரை மணி நேரம் 0 டிகிரியில் வைத்துவிட்டு அதே மைனஸ் 10க்குக் கொண்டுபோனால் கணிசமானவை பிழைக்கின்றன. அரை மணி நேரத்தில் பரிணாமம் நடக்க வழியில்லை, ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. மாறியதெல்லாம் ஏற்கெனவே இருந்த உடலுக்குள்தான்.

சரி, உடலுக்குள் என்ன மாறுகிறது? நீங்கள் பார்த்த அந்த மயக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பூச்சியின் செல்களுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே இருக்கும் உடல்திரவத்தில் குறைவு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற செல் சவ்வில் இருக்கும் பம்புகள் ஓயாமல் ஆற்றல் செலவழித்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்ந்தால் பம்புகள் மெதுவாகிவிடும், கசிவு மட்டும் நிற்காது. நரம்பும் தசையும் மின்சமநிலை இழந்து ஓய்ந்துபோகின்றன, ஈ கால்களை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. நீண்ட நேரம் அப்படியே விட்டால் உடல்திரவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொட்டாசியம் ஏறி, செல்கள் சாகத் தொடங்கும். பனிக்கட்டியிலிருந்து எடுத்தபின் எழுந்து நிற்க ஆகும் நேரத்தில் பெரும்பங்கு இந்தச் சமநிலையைத் திரும்பக் கொண்டுவர ஆகும் நேரம்தான். குளிரில் வளர்ந்த ஈயில், நம் சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் மால்பீஜியன் குழாய்களும் குடலின் பின்பகுதியும் குளிரிலும் உப்பையும் நீரையும் ஓரளவு சரியாக நிர்வகிக்கின்றன. செல் சவ்வின் கொழுப்பும் குளிரில் இறுகிப்போகாத வகையாக மாறியிருக்கும். இந்த உப்புச் சமநிலைக் கதை இன்று மிக உறுதியாக நிறுவப்பட்ட ஒன்று, தயங்காமல் எழுதலாம்.

சில மாற்றங்கள் வந்து போகும், சில ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த ஈயை ஒரு வாரம் குளிரில் வைத்து வருவித்த தாங்குதிறன், திரும்பச் சூட்டில் வைத்தால் சில நாளில் போய்விடும். ஆனால் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் இருக்கும்போது அனுபவித்த வெப்பநிலை ஈயின் உடலிலேயே பதிந்துவிடுகிறது. உங்கள் 18 டிகிரி ஈக்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அவை கொஞ்சம் பெரிதாக இருக்கும், பெண் ஈக்களின் வயிற்றின் பின்பகுதி கருமையாக இருக்கும். இரண்டும் இனி மாறாது. குளிரில் வளர்ந்தால் பெரிதாவது பூச்சிகளில் மிகப் பரவலான வழக்கம், விதிவிலக்குகளும் உண்டு. ஆப்பிரிக்காவின் பைசைக்ளஸ் அனினானா என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. புழு வளரும்போது சூடாக இருந்தால் இறக்கையில் பெரிய கண்புள்ளிகளோடு மழைக்கால வடிவம் வரும், குளிர்ச்சியாக இருந்தால் புள்ளிகள் சுருங்கி, காய்ந்த சருகோடு கலந்துபோகிற வறட்சிக்கால வடிவம் வரும். அங்கே வெப்பநிலை ஒரு துன்பமாக வரவில்லை, அடுத்து என்ன பருவம் வரப்போகிறது என்ற செய்தியாக வருகிறது.

இனி மரபணு பக்கம். இயற்கையில் பரிணாமம் நடந்ததைப் பார்த்த உதாரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது டிரோசோபிலா சப்அப்ஸ்கூரா என்ற ஈ. ஐரோப்பாவைச் சேர்ந்த இந்த ஈ 1970களின் கடைசியில் தென் அமெரிக்காவிலும் 1980களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவிலும் எப்படியோ நுழைந்து பரவியது. ஐரோப்பாவில் வடக்கே போகப் போக இதன் இறக்கை பெரிதாகிக்கொண்டே போகும். வட அமெரிக்காவில் நுழைந்து 20 வருடத்துக்குள் அங்கேயும் வடக்கே போகப் போக இறக்கை பெரிதாகும் அதே ஒழுங்கு உருவாகிவிட்டது. வெவ்வேறு இடத்து ஈக்களை ஆய்வகத்தில் ஒரே வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்தபோதும் வித்தியாசம் நின்றது, அதனால் இது மரபணு மாற்றம். இதில் ஒரு அழகான விஷயம், ஐரோப்பாவில் இறக்கையின் ஒரு பகுதி நீண்டதால் வந்த வித்தியாசம், அமெரிக்காவில் இன்னொரு பகுதி நீண்டதால் வந்திருக்கிறது. முடிவு ஒன்று, வழி வேறு. அப்புறம் இதே ஈயின் குரோமோசோம்களில் தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்த பகுதிகளின் விகிதத்தை மூன்று கண்டங்களிலும் 26 இடங்களில் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு 2006ல் வெளியிட்டார்கள். சராசரியாக 24 வருட இடைவெளி. வெப்பநிலை கூடியிருந்தது 22 இடங்களில், அவற்றில் 21ல் சூடான பகுதிகளுக்கு உரிய வடிவங்கள் அதிகரித்திருந்தன. இவ்வளவு ஒழுங்கான முடிவு நம் துறையில் அபூர்வம்.

ஒரே வருடத்துக்குள்ளும் இது நடக்கிறது. சாதாரணப் பழ ஈக்கு ஒரு வருடத்தில் பத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் ஓடிவிடும், அதனால் கோடையில் ஒரு வகை மரபணு வடிவங்கள் கூடுவதும் குளிர்காலம் முடிந்ததும் அவை குறைவதுமாக ஊசலாடுவதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பழத்தோட்டங்களில் நூற்றுக்கணக்கான மரபணு இடங்களில் பார்த்திருக்கிறார்கள். "நெகிழ்வு வேகமானது, பரிணாமம் மெதுவானது" என்று பாடப்புத்தகம் போடும் கோடு, தலைமுறை இவ்வளவு குட்டையான உயிர்களுக்குச் சரியாகப் பொருந்தாது.

இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பார்ப்பதுதான் பெரிய தவறு என்று நினைக்கிறேன். வளைந்துகொடுக்கும் திறனே மரபணுக்களில் எழுதப்பட்டது, அதுவும் பரிணாமம் அடையும். படுக்கையச்சில் வளர்ப்பு வெப்பநிலை, நிமிர்ந்த அச்சில் எழுந்து நிற்க ஆகும் நிமிடம் என்று ஒவ்வொரு மரபுவழிக்கும், அதாவது தனியாகப் பிரித்து வளர்த்த ஒவ்வொரு ஈக் குடும்பத்துக்கும், ஒரு கோடு வரையுங்கள். கோடு சாய்வாக இருந்தால் நெகிழ்வு உண்டு. இரண்டு மரபுவழிகளின் கோடுகள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் மரபணு வித்தியாசம் உண்டு. சாய்வே வேறுபட்டால், நெகிழ்விலேயே மரபணு வித்தியாசம் இருக்கிறது, இயற்கைத் தேர்வு அதன்மேல் கை வைக்க முடியும். 2006ல் சுசுகி, நைஹவுட் இருவரும் புகையிலைக் கொம்புப்புழுவில் இதைச் செய்தே காட்டினார்கள். இயல்பில் பச்சையான இந்தப் புழுவில் கறுப்பாகப் பிறக்கும் ஒரு மரபு மாற்றம் உண்டு. கறுப்புப் புழுக்களுக்குத் தோலுரிக்கும் சமயத்தில் 42 டிகிரி சூடு கொடுத்தால் சில மட்டும் ஓரளவு பச்சையாகின்றன. பச்சையானவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். 13 தலைமுறையில், சூடு பட்டால் பச்சை, படாவிட்டால் கறுப்பு என்று இரண்டு நிறமும் காட்டும் மரபுவழி உருவானது. எதிர்த்திசையில் தேர்ந்தெடுத்த மரபுவழியோ சூடு பட்டாலும் கறுப்பாகவே இருக்கப் பழகிவிட்டது. ஒரு மரபுவழி நெகிழ்வைக் கூட்டிக்கொண்டது, இன்னொன்று அதை இழந்தது, இரண்டுமே பரிணாமம்.

இன்னும் முடிவுக்கு வராத விஷயங்களையும் சொல்ல வேண்டும், இணையத்தில் இவை உறுதியானவை போல உலவுகின்றன. நெகிழ்வு பரிணாமத்துக்கு உதவுகிறதா, தடுக்கிறதா என்பது முதல் விவாதம். நெகிழ்வு உயிரைக் காப்பாற்றிக் கொடுப்பதால் மரபணு மாற்றத்துக்கு அவகாசம் கிடைக்கிறது என்பது ஒரு வாதம். எல்லாமே பிழைத்துவிட்டால் தேர்வுக்கு என்ன வேலை என்பது மறுவாதம். இரண்டுக்கும் உதாரணங்கள் இருக்கின்றன, பொது விதி என்று ஒன்றை யாரும் நிறுவவில்லை. பெற்றோர் அனுபவித்த வெப்பம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுகிறதா என்பது இன்னொன்று. ஒரு தலைமுறை அளவில் தாயின் தாக்கம் உண்மை. நாசோனியா என்ற சிறு குளவியில் தாய் குறுகிய பகல்களைப் பார்த்திருந்தால் அதன் புழுக்கள் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிவிடுகின்றன, இதில் சந்தேகம் இல்லை. ஆனால் பல தலைமுறைக்கு மரபணு மாறாமலே வெப்ப அனுபவம் கடந்துபோகிறது என்று பூச்சிகளைப் பற்றிப் பொதுவாகச் சொன்னால் நம்ப அவசரப்படாதீர்கள். பழ ஈயில், மற்ற உயிர்களில் இதற்குக் காரணமாகச் சொல்லப்படும் டிஎன்ஏ மெத்திலேற்றமே, அதாவது டிஎன்ஏமேல் சிறு வேதிக்குறிகள் ஒட்டுவதே, கிட்டத்தட்ட இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, உலகம் சூடாவது. குளிரில் பார்த்ததை அப்படியே சூட்டுக்குத் திருப்பிப் போட முடியாது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. குளிர் பக்கம் பூச்சிகளின் எல்லை ரப்பர் மாதிரி இழுபடுகிறது. வெப்பமண்டலப் பூச்சி ஒன்று 5 டிகிரியில் மயங்கிக் கிடக்கும்போது, அலாஸ்காவின் குகுஜஸ் வண்டின் புழு மைனஸ் 50க்கும் கீழே உறையாமல் கிடக்கிறது. சூட்டின் பக்கம் அப்படி இல்லை. பூமத்திய ரேகை அருகில் இருப்பதும் வட ஐரோப்பாவில் இருப்பதும் சாகும் உச்ச வெப்பநிலையில் வியக்கத்தக்க அளவு நெருக்கமாக இருக்கின்றன. பழக்கினாலும் பெரிதாக நகராது. பல நூறு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளின்படி, பழக்கும் வெப்பநிலையை 1 டிகிரி ஏற்றினால் பூச்சியின் உச்ச வரம்பு சராசரியாகச் சுமார் 0.1 டிகிரிதான் ஏறுகிறது. 3 டிகிரி சூடானால் 0.3 டிகிரி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சூட்டுக்குத் தற்காப்பே இல்லை என்று அர்த்தமில்லை. 1960களின் தொடக்கத்தில் இத்தாலிய ஆய்வாளர் ரிட்டோசா, ஈப் புழுக்களின் இன்குபேட்டரில் வெப்பநிலை தவறுதலாக ஏறிவிட்டதால், குரோமோசோம்களில் புதிய இடங்கள் உப்பியிருப்பதைப் பார்த்தார். அந்த இடங்களிலிருந்து உருவாகும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், சூட்டில் உருக்குலையும் மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. சஹாராவின் வெள்ளி எறும்பு இந்தப் புரதங்களைப் புற்றுக்குள் இருக்கும்போதே முன்கூட்டித் தயாரித்து வைத்துக்கொண்டுதான் கொதிக்கும் மணலில் இரைதேட வெளியே வருகிறது, 53 டிகிரி வரை தாங்கும். அப்படியானால் எல்லாப் பூச்சியும் அதிகமாகத் தயாரித்துக்கொண்டால் என்ன? விலை இருக்கிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவின் கூடுதல் பிரதிகளைப் பழ ஈயில் சேர்த்துப் பார்த்தபோது புழுக்களின் வெப்பம் தாங்கும் திறன் கூடியது, ஆனால் வளர்ச்சி பாதிக்கப்பட்டு அதிகப் புழுக்கள் செத்தன.

பரிணாமமாவது கைகொடுக்குமா என்றால், தேர்ந்தெடுக்க முதலில் கூட்டத்துக்குள் மரபணு வேறுபாடு இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய மழைக்காட்டு ஈயான டிரோசோபிலா பிர்ச்சியை வறட்சி தாங்குவதற்காக 30 தலைமுறைக்கு மேல் கடுமையாகத் தேர்ந்தெடுத்தும் அது அசையவில்லை. இது வறட்சி பற்றிய சோதனை, வெப்பம் பற்றியது இல்லை, ஆனாலும் ஒரு குறுகிய சூழலில் நெடுங்காலம் வாழ்ந்த இனத்தில் மூலப்பொருளே இல்லாமல் போயிருக்கலாம் என்பதற்கு இது ஒரு எச்சரிக்கை. வெப்பமண்டலப் பூச்சிகளில் பல ஏற்கெனவே தங்களுக்கு உகந்த வெப்பநிலைக்கு மிக அருகில் வாழ்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கவலைப்படக் காரணம் இருக்கிறது. அதோடு, சாகும் வெப்பநிலையை மட்டும் அளப்பது நம்மை ஏமாற்றும். பழ ஈ ஆண்களை 30 டிகிரியை ஒட்டி வளர்த்தால் உயிரோடு சுறுசுறுப்பாகத்தான் இருக்கும், பிள்ளை பிறக்காது. மாவு வண்டுகளில் ஐந்து நாள் வெப்ப அலை ஆண்களின் விந்துத் திறனைப் பாதியாகக் குறைத்ததையும், இரண்டாவது அலை அவற்றைக் கிட்டத்தட்ட மலடாக்கியதையும் 2018ல் பதிவு செய்தார்கள். ஒரு இனம் மறைந்துபோக அது செத்து விழ வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக்குள் ஓக் கொட்டைகளில் வாழும் சிற்றெறும்புகளை நகருக்கு வெளியே இருப்பவற்றோடு ஒரே சூழலில் வைத்து ஒப்பிட்டபோது, நகர எறும்புகள் சூட்டைக் கூடுதலாகத் தாங்கின. குளிர் தாங்குவதில் கொஞ்சம் இழந்திருந்தன. ஆனால் எனக்கு அதிகம் சொல்லித்தருவது வையோமியா ஸ்மித்தி என்ற கொசு. குடுவைத் தாவரத்தின் இலைக்குள் தேங்கும் நீரில் இதன் புழுக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும். எப்போது வளர்ச்சியை நிறுத்தி உறங்குவது என்பதைப் பகலின் நீளத்தை வைத்து முடிவு செய்யும். 1972க்கும் 1996க்கும் இடையில் வடக்குப் பகுதிக் கூட்டங்களில் அந்த முடிவு ஏறக்குறைய 9 நாள் தள்ளிப்போயிருந்தது. ஆய்வகத்தில் வைத்துச் சோதித்து, இது மரபணு மாற்றம் என்று உறுதி செய்தார்கள். கவனியுங்கள், கொசுவின் வெப்பம் தாங்கும் திறன் இங்கே பேச்சிலேயே இல்லை, மாறியது அதன் நாட்காட்டி. பருவநிலை மாறுவதற்குப் பூச்சிகள் மரபணு அளவில் பதில் சொன்னதாக நன்றாக நிறுவப்பட்டவற்றில் கணிசமானவை இப்படிக் காலம் கணிப்பதில் நடந்த மாற்றங்கள்தான். அதனால் பூச்சிகள் சமாளிக்குமா என்ற கேள்விக்கு என் பதில்: குளிர்காலம் சுருங்குவதைப் பல இனங்கள் சமாளிக்கும், கோடையின் உச்சம் ஏறுவதை அதே நம்பிக்கையோடு சொல்ல மாட்டேன். நிழலுக்குப் போவது, மண்ணுக்குள் இறங்குவது, விடியலில் மட்டும் பறப்பது போன்ற நடத்தைதான் அங்கே முதல் கேடயம், ஒதுங்க இடம் இருக்கும்வரை.

கடைசியாக உங்கள் சோதனை. 18 டிகிரி குழாய்களில் எத்தனை முட்டை வைத்தீர்கள், எத்தனை ஈ வந்தது என்று எண்ணியிருக்கிறீர்களா? நிறைய செத்திருந்தால், மீதமிருப்பவை தாங்கக்கூடியவை மட்டும்தான் என்று ஆகி, ஒரே தலைமுறையிலேயே தேர்வு கொஞ்சம் கலந்திருக்கும். 18 டிகிரி இந்த ஈக்குக் கொடுமையான வெப்பநிலை இல்லை என்பதால் அப்படி இருக்காது, ஆனாலும் எண் கையில் இருப்பது நல்லது. இரண்டு வகை ஈக்களையும் வெளிவந்த நாளிலிருந்து ஒரே வயதில் சோதியுங்கள். 25ல் சுமார் 10 நாளில் ஈ வந்துவிடும், 18ல் அதன் இரு மடங்கு ஆகும், முட்டையிட்ட தேதியை வைத்து ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். பிரித்தெடுக்க கார்பன் டை ஆக்சைடால் மயக்கினால் ஒரு நாளாவது ஓய்வு கொடுத்துவிட்டு அளவிடுங்கள், இல்லாவிட்டால் எழுந்து நிற்கும் நேரம் தாறுமாறாகும். பிறகு 18 டிகிரி ஈக்களின் முட்டைகளை எடுத்து 25ல் இரண்டு தலைமுறை வளருங்கள். ஒரு தலைமுறை போதாது, தாயின் தாக்கம் அதில் ஒட்டியிருக்கும். இரண்டாவது தலைமுறையை, எப்போதும் 25லேயே இருந்த ஈக்களோடு மறுபடி பனிக்கட்டியில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் காணாமல் போயிருக்கும் என்று எதிர்பார்க்கிறேன், அதை வரைபடமாகப் போட்டு "வளர்ச்சிக்கால நெகிழ்வு" என்று எழுதுங்கள். பரிணாமத்தையே பார்க்க ஆசை இருந்தால், 18ல் நாலைந்து கூட்டம், 25ல் நாலைந்து கூட்டம், ஒவ்வொன்றிலும் சில நூறு ஈக்கள் குறையாமல், பல டஜன் தலைமுறை ஓட்டிவிட்டு இதே இரண்டு தலைமுறைச் சோதனையைச் செய்ய வேண்டும். ஒரே ஒரு கூட்டத்தை வைத்துச் செய்தால் தற்செயலாக மாறியதையும் தேர்வினால் மாறியதையும் பிரிக்க முடியாது. 18 டிகிரியில் வருடத்துக்குப் பதினைந்து தலைமுறையைத் தாண்டுவதே கஷ்டம், அதனால் இன்றைக்கே குழாய்களில் தேதி எழுதித் தொடங்கிவிடுங்கள்.